வல்லை வெளியில் ஓர் ஆமை

மின்சாரக் காரில் ஏறுகிறவன் காலில் இறப்பர் செருப்புப் போட்டிருக்க வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. கரண்டில் ஓடுகிற சாமான், என்றைக்காவது ஒரு நாள் மழை வெள்ளத்தில் இறங்கத்தான் போகிறது, இறங்கினால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பொரிந்து போவார்கள், செருப்புப் போட்டவன் மட்டும் தப்புவான். ஆகவே அயன் பண்ணிய சேட்டு, நல்ல கால்சட்டை, கையில் மணிக்கூடு, காலில் குளியலறைச் செருப்பு என்ற கோலத்தில் ஏறத்தாழ ஒரு வருடம் குடாநாடு முழுக்கத் திரிந்தேன். கேட்டவர்களிடம் குதிக்காலில் வெடிப்பு என்று சொல்லி வைத்தேன்.

இருபத்தாறு வருடம் பழைய வாகனம் பார்த்து வாங்கிக் கொடுத்த தரகன் நான். காருக்கடியில் குனிந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும் என்ற அளவுக்கு இடுப்பு பழுதானதால் ஐம்பத்தைந்தோடு தொழிலை விட்டேன். இப்போது போனிலேயே கார் காட்டி, போனிலேயே விலை பேசி முடிக்கிற இளம் தரகர்மாராகிய நீங்கள் என்னைக் காணும்போதெல்லாம், “அண்ணை, பழைய எலெக்ரிக் காரை என்னெண்டு பாக்கிறது?” என்று கேட்கிறீர்கள். எப்படிப் பார்க்கக்கூடாது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தப் பாடத்தில் எனக்குச் சமமாக இங்கே ஒருவரும் இல்லை.

டீசல் வாகனம் பார்ப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்கே போய் நிற்பேன். சுகம் விசாரிப்பதற்கு முன்னரே உள்ளங்கையை எஞ்சின் மூடியான பொனற்றின் மேல் வைப்பேன். சுட்டால் கதை முடிந்தது: குளிரில் ஸ்ராட் எடுக்காத எஞ்சினை, விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். குளிர்ந்து கிடந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அந்தக் கை எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. அந்தக் கைதான் என்னைக் கவிழ்த்தும் விட்டது.

பருத்தித்துறையில் ஒரு சம்மாட்டியார். இரண்டு படகு வைத்துத் தொழில் செய்தவர். மனைவி இறந்த பிறகு படகுகளை விற்றுவிட்டு மகள் தர்சினியோடு இருந்தார். தர்சினி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. சம்மாட்டியாருக்குச் சீனி வருத்தம். இடது காலில் ஆறாத புண். விடியவும் பின்னேரமும் மகள்தான் கழுவி மருந்து கட்டுவாள். வேறு ஆளைத் தொட விடமாட்டார். உதவிக்கு வந்த ஒருவரை, “வலை பொத்துற மாதிரியெல்லோ கட்டுறான்” என்று துரத்தி விட்டாராம்.

காலை ஏழு மணி வேலைக்கு அவள் பஸ்ஸில் போய்ச் சேர்வது சில நாள் ஏழு, சில நாள் ஏழரை. கடைசியில் மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்: மாத முடிவுக்குள் ஒரு வழி பார், இல்லாவிட்டால் விடுதிக்கு வந்து தங்கு. விடுதிக்குப் போனால் அந்தக் காலை யார் பார்ப்பது? அதற்காகத்தான் கார். என் கையில் தரப்பட்டது மூன்று கிழமை.

முதல் நாளே அப்பனும் மகளும் என் முன்னால் சண்டை.

“டீசல் எண்டால் எஞ்சினுக்கு என்ன வருத்தமெண்டு நான் மணத்திலை சொல்லுவன்,” என்றார் சம்மாட்டியார்.

“உங்கடை மணத்துக்காக நான் வரிசையிலை நிக்கேலாது அப்பா. டீசல் இல்லாமல் ரெண்டு படகும் கரையிலை கிடந்தது மறந்து போச்சே? கூரையிலை வெளிநாட்டிலை இருக்கிற தம்பி பூட்டிவிட்ட சூரியத் தகடு இருக்கு. பகலிலை அது சபைக்கு அனுப்புற கரண்டை இரவிலை கார் குடிக்கட்டும்.”

நான் சம்மாட்டியாரின் கட்சி. “தங்கச்சி, டீசல் நடு றோட்டிலை நிண்டால் சந்திக்கொரு கராஜ் இருக்கு. எலெக்ரிக் நிண்டால் ஆரைக் கூப்பிடுறது? மின்சார சபையையோ?”

“நிக்காத காரா எடுத்துத் தாங்கோ அண்ணை. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது.”

நியாயமான பதில். எனக்குப் பிடிக்கவில்லை.

அச்சுவேலியில் ஒரு டீசல் கார் காட்டினேன். சம்மாட்டியார் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு மோந்து பார்த்து, பேரப்பிள்ளையைக் கண்டவர்போலச் சிரித்தார். ஸ்ராட் பண்ணினதும் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி சாம்பல் நிறமானது. தர்சினி நடந்துபோய் ஓட்டோவில் ஏறி இருந்தாள். ஒரு கிழமை போய்விட்டது.

அடுத்தது பண்டத்தரிப்பில் ஒரு மின்சாரக் கார். ஜப்பானில் இருந்து வந்து, கொழும்பில் ஓடி, பிறகு இங்கே வந்தது. விற்றவர் புகையிலைச் செய்கைக்காரர். பத்து மணிக்கு வரச் சொன்னார். வழக்கம்போல ஒன்பதுக்கே நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். தர்சினியும் சம்மாட்டியாரும் ஓட்டோவில் பின்னால் வந்தார்கள். கார் கொட்டிலுக்குள் நின்றது. சார்ஜ் வயர் இன்னும் குத்தியபடி. நான் நேரே போய்ப் பொனற்றில் கை வைத்தேன்.

“பாத்தியளோ! ஐஸ் மாதிரிக் குளிர்!” என்று சம்மாட்டியாரைப் பார்த்துக் கத்தினேன்.

விற்பவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது. “ஓம் ஓம், அது எப்பவும் உப்பிடித்தான். சூடாகிறதே இல்லை.”

அந்த மனிதர் அன்று சொன்ன ஒரே உண்மை அதுதான்.

தம்பிமார், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எஞ்சினே இல்லாத பொனற்றில் கை வைத்து எஞ்சினுக்கு நற்சான்று கொடுத்தவனைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அது சின்னப் பிழை. பெரிய பிழை, அந்த வயரைக் கண்டும் காணாமல் நின்றது. டீசல் விற்பவர் சூடாக்கி வைப்பார். மின்சாரம் விற்பவர் நிரப்பி வைப்பார். நாங்கள் போவதற்கு முன்னர் அவர் எதைச் சரிக்கட்டி வைத்திருக்கிறாரோ, வருத்தம் அங்கேதான் இருக்கிறது. இருபத்தாறு வருடம் இதைத்தான் தேடிப் பிடித்தேன். அதே தந்திரம் வேறு சேட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

உள்ளே ஏறினோம். முன்திரையில் பற்றரியின் சுகத்தைக் காட்டும் கோடுகள் பன்னிரண்டும் நின்றன. சார்ஜ் நூறு வீதம். இன்னும் நூற்று நாற்பது கிலோமீற்றர் ஓடலாம் என்று எழுத்தில் காட்டியது. தர்சினி ஆஸ்பத்திரிக்குப் போய் வர எழுபது. எனக்குக் கணக்குச் சரி.

சம்மாட்டியாருக்குச் சரியில்லை. “உதுக்குள்ளை தடி விட்டுப் பாக்கேலாதோ?” என்று கேட்டார்.

படகில் அவர் மீற்றரை நம்பியதே இல்லையாம். டீசல் கானுக்குள் ஒரு தடியை விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வெளிக்கிடுவார். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு. மூன்று பங்கும் இல்லாவிட்டால் படகு கரையிலேயே நிற்கும். எந்தப் பெரிய மீன்பாட்டுச் செய்தி வந்தாலும் சரி.

“மூண்டு பங்கு கிடக்கோ தம்பி?”

“நாலு பங்கு கிடக்கு சம்மாட்டியார், ஏறுங்கோ,” என்றேன்.

பருத்தித்துறை வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. பிணையாக என் மோட்டார் சைக்கிளும் அடையாள அட்டையும் விற்பவரிடம். தர்சினி ஓட்டினாள். சம்மாட்டியார் முன்னால், காலை நீட்டி. நான் பின்னால், செருப்போடு.

போகும்போது பூப்போலப் போனது. சத்தமே இல்லை. தெல்லிப்பழை தாண்டியதும் நான் ஏசியை உச்சத்தில் போடச் சொன்னேன். புரோக்கருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆடி மாதம். தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தது. அதை நான் காரின் திறமை என்று எடுத்துக்கொண்டேன். அச்சுவேலி, வல்லை வெளி, நெல்லியடி, வீடு. நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. திரையில் மிச்சம் நாற்பத்தைந்து.

“பாதிக்கு மேலை போட்டுது,” என்றார் சம்மாட்டியார்.

“வரேக்கை குறையச் செலவாகும். கார் இப்பதான் பழகிப் போச்சு,” என்றேன். வாயைத் திறந்தால் ஏதாவது வரவேண்டும் என்பது எங்கள் தொழிலின் சாபம்.

தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். பிந்தினால் மருந்து கட்டும் நேரம் தவறும் என்று தர்சினி மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டாள். நெல்லியடியில் முப்பத்தெட்டு. வல்லை வெளிக்குள் இறங்கும்போது முப்பது. அந்த வெளியைத் தெரியும்தானே உங்களுக்கு. இரண்டு பக்கமும் வெறும் புல் தரையான தரவை, ஒதுங்க ஒரு மரம் இல்லை. போகும்போது எங்களைத் தள்ளிவந்த சோளகம் இப்போது முகத்தில் அடித்தது. இருபத்தாறு. இருபத்திரண்டு. பத்தொன்பது. நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டிருந்தது.

இனி என் வீரத்தைச் சொல்கிறேன்.

ஏசியை நிறுத்தச் சொன்னேன். கண்ணாடியை இறக்கச் சொன்னேன். இறக்கினால் காற்றுப் பிடிக்கும் என்று ஏற்றச் சொன்னேன். ஹோண் அடிக்காதே என்றேன். சிக்னல் போடாதே, நான் கையைக் காட்டுகிறேன் என்றேன். பாரம் குறையட்டும் என்று சட்டைப் பையில் இருந்த பேனையையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்து மடியில் வைத்தேன். மடியும் காருக்குள்தான் இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. “நான் இறங்கி நடக்கிறன்!” என்று கதவைத் திறக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு ஆமை வந்தது. உண்மையான ஆமைப் படம், மஞ்சள் நிறம். பற்றரி ஓயப்போகிறது, இனி ஊர்ந்துதான் போகலாம் என்பதற்கு ஜப்பான்காரன் வைத்த அடையாளம்.

“ஐயோ, ஆமை! தங்கச்சி, ஆமை!”

சம்மாட்டியார் திரும்பினார். “ஏன் காணும் அந்தரப்படுறீர்? வெளியிலை அடிக்கிற காத்துப் போதாதெண்டு நீர் உள்ளையும் அடிக்கிறீரோ? வாயை மூடும்.” பிறகு மகளிடம் மெதுவாக, “பிள்ளை, காத்தோடை மல்லுக்கு நிக்காதை. விட்டுக் குடுத்துப் போ. உந்தா முன்னாலை வைக்கல் ஏத்தின ரக்ரர் போகுது. அதுக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு போ. அதின்ரை வேகந்தான் உன்ரை வேகம்.”

வைக்கோல் பாரம் ஒரு வீட்டுச் சுவர்போலக் காற்றை மறைத்தது. சைக்கிளில் போனவர் ஒருவர் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார். சம்மாட்டியார் அவருக்குக் கையும் காட்டினார். அப்படியே ஊர்ந்து அச்சுவேலிக்குள் வந்து, மிளகாய்த்தூள் அரைக்கிற மில் ஒன்றின் வாசலில் கார் நின்றது. நிறுத்தவில்லை, நின்றது.

மில்லுக்கார அக்கா வெளியே வந்தார். நான் நாலு வான் பார்த்துக் கொடுத்த ஊர் அது. என்னைத் தெரியாதவர்கள் குறைவு. “என்ன புரோக்கர், டீசல் முடிஞ்சுதோ?”

“டீசல் இல்லை அக்கா. கரண்ட்.”

“கரண்ட் முடியுமோ?” என்று ஊருக்கே கேட்கச் சிரித்துவிட்டு, சுவர்ப் பிளக்கைக் காட்டினார். நான் தர்சினியைத் தள்ளி நிற்கச் சொல்லி, செருப்பு இரண்டும் நிலத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வயரைக் குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பச்சை லைற் ஒன்று எரிந்தது.

“எத்தினை மணித்தியாலம் உது பால் குடிக்கும்?”

“ஒரு நாலு.”

நாலு மணித்தியாலம். மில்லில் மிளகாய் அரைபட்டது. நான் தும்மினேன். சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வந்தார்கள், ஆளுக்கொரு ஆலோசனை. நான்கு தரம், “டீசல் எண்டால் இந்நேரம் வீட்டிலை,” என்று முனகினேன்.

ஐந்தாம் தரம் சம்மாட்டியாருக்குப் பொறுமை போய்விட்டது. “பிழை காரிலை இல்லைத் தம்பி. நாங்கள் அளக்காமல் வெளிக்கிட்டம். டீசலையும் அளக்காமல் கொண்டுபோனால் நடுக்கடலிலைதான் நிப்பாய்.”

பின்னேரமானது. “அப்பா, காலைக் காட்டுங்கோ,” என்றாள் தர்சினி. காரின் கதவைத் திறந்து, மில்லுக்கார அக்கா கொடுத்த புதுச் சாக்கை நிலத்தில் விரித்து, அதில் முழந்தாளிட்டுக் கட்டை அவிழ்த்தாள். அதுவரை அந்தக் காலை நான் கண்டதில்லை. சின்ன விரலும் அதன் அடியும் கறுத்திருந்தன. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைதான் ஒரு கணம் நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தது. சம்மாட்டியார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தும்முவதையும் நிறுத்திவிட்டேன்.

கட்டி முடிந்ததும் அவர் தன் தேய்ந்த செருப்பைக் காலால் தேடினார். அதன் அடியில் ஓட்டை. நான் என் இறப்பர் செருப்பைக் கழற்றி அவருக்கு முன்னால் வைத்தேன். “எனக்குக் குதிக்கால் சுகமாகிப் போச்சு,” என்றேன். போட்டுக்கொண்டார். அளவு சரி.

அப்போதுதான் பண்டத்தரிப்பில் இருந்து போன் வந்தது. “எங்கை காணும் என்ரை கார்?”

சொன்னேன். “ஏசி போட்டனீரோ? ஏசி போட்டால் அப்பிடித்தான்,” என்றார். பன்னிரண்டு கோடும் எப்படி வந்தது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, “எல்லாரும் செய்யிறதுதானே. பார்ட்டியைச் சமாளியும். உம்மை நான் கவனிக்கிறன்,” என்றார். காரின் கணினியில் இருக்கும் பழைய பதிவை அழித்துவிட்டால் கோடுகள் முழுதாக வந்து நிற்கும். பற்றரி அதே கிழட்டுப் பற்றரிதான். பிறகு நான் விசாரித்து அறிந்தது இது. அன்று எனக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது.

போனை வைத்ததும் தர்சினி கேட்டாள்: “அண்ணை, மாத முடிவுக்கு இன்னும் பத்து நாள்தான். இதை எடுக்கட்டோ, விடட்டோ? நீங்கள் சொல்லுங்கோ.”

சமாளிக்கச் சொற்கள் என் வாயில் வரிசையாக நின்றன. ஏசி போடாவிட்டால் ஓடும், காற்றுக்காலம் போனால் சரிவரும், விலையைக் குறைக்கச் சொல்லலாம். இவற்றில் எதைச் சொன்னாலும் அவள் எடுத்திருப்பாள். மறு மாதம் ஒரு பின்னேரம் வல்லை வெளியில் தனியே நின்றிருப்பாள். அந்தக் கால் வீட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கும்.

“எனக்குத் தெரியாது தங்கச்சி,” என்றேன். “எலெக்ரிக் காரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.”

“அப்பாடா,” என்றார் சம்மாட்டியார். “இப்பதான் உண்மை கதைக்கிறீர். இனி வேலையைத் துவங்குவம்.”

அன்றிரவே காரைத் திருப்பிக் கொடுத்தோம். வேலை இதுதான். பற்றரிக்குள் தடி விட முடியாது, ஓட்டந்தான் தடி. அதன் பிறகு விற்பவர்களிடம் போனிலேயே சொன்னோம்: நீங்கள் சார்ஜ் பண்ண வேண்டாம், எங்கள் கண் முன்னால் நாங்கள் பண்ணுவோம். மூன்று பேர் ஏறுவோம், ஏசி போடுவோம், ஆஸ்பத்திரி வாசல் வரை போய்க் காற்றுக்கு எதிராகவும் ஓடி வருவோம். வரும்போது மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன். ஓடிப் பார்த்ததில் ஒரு கார் தோற்றது.

அடுத்தது கோப்பாய்ப் பக்கம் ஓர் ஆசிரியையின் கார். ஒரு பக்கம் நசுங்கல். திரையில் ஒன்பது கோடுதான். “உள்ளதைச் சொல்லிப்போடுறன். மூண்டு கோடு குறைஞ்சு போட்டுது. அதாலை ஒருத்தரும் எடுக்கினமில்லை,” என்றார் அவர். அப்படி எடுக்காதவர்களில் நானும் ஒருவன். இரண்டு மாதத்துக்கு முன்னரே அந்தக் காரின் படம் என் போனுக்கு வந்திருந்தது. கோடுகளை எண்ணிவிட்டுப் படத்தை அழித்தேன்.

பழக்கதோஷத்தில் கை பொனற்றுக்குப் போனது. தர்சினி பார்த்தாள். தலையைச் சொறிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய், நாங்களே நூறு வீதம் சார்ஜ் பண்ணி ஓடினோம். வல்லை வெளியில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், ஆமை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், திரும்பி, வீட்டு வாசலில் நின்றபோது சார்ஜ் மிச்சம் முப்பத்தாறு வீதம். சம்மாட்டியார் மூன்று விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “கடலுக்குப் போகலாம்,” என்றார்.

பண்டத்தரிப்புக் கார் அடுத்த கிழமையே விலைப்பட்டது. வாங்கிக் கொடுத்த தரகர் பொனற்றில் கை வைத்துப் பார்த்ததாகக் கேள்வி. அந்தப் பழக்கம் என்னிடம் இருந்துதான் பரவியது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

மாத முடிவுக்கு மூன்று நாள் இருக்க, ஒன்பது கோட்டுக் கார் தர்சினியின் பெயருக்கு மாறியது. அவள் விடுதிக்குப் போகவில்லை. ஐப்பசியில் சம்மாட்டியாரின் சின்ன விரலை எடுத்தார்கள். கால் இருக்கிறது. அந்த இறப்பர் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறார். பின்னேரம் ஆறு மணிக்குக் கார் வாசலில் வந்து நிற்கிறது. ஆறேகாலுக்கு அவள் மருந்து கட்டுகிறாள்.